நீலகிரிக்கு ட்ரவுட் மீன் வந்த கதையும் நம் வீட்டு மீன் தொட்டியும்

மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த மீன் நல்லா இருக்கும்?" என்பதுதான். "எங்க வீட்டுத் தண்ணிக்கு எந்த மீன் ஒத்துவரும்?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. இரண்டும் ஒரே கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள நீலகிரியில் ஒரு மீனுக்கு 44 வருடம் ஆனது. 1863-ல் தொடங்கி 1907-ல் முடிந்த அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இது வெறும் வெள்ளைக்காரர் காலத்துக் கதை இல்லை. நம் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் மீன் ஏன் சாகிறது, செடி ஏன் அழுகுகிறது என்பதற்கான பதில் எல்லாம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது.

மலையில் எல்லாம் இருந்தது, மீன் மட்டும் இல்லை!

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823–25 காலத்தில் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி ஊட்டி ஏரியை உருவாக்கினார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, பனி. இங்கே வந்த ஆங்கிலேயர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. உருளைக்கிழங்கு வந்தது, ஆப்பிள் வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் சீகை மரமும் வந்தன. தூண்டில்காரர்களுக்கு மட்டும் ஒரு பெரிய குறை. மலைக்குக் கீழே பவானியிலும் மாயாற்றிலும் மஹசீர் போன்ற பெரிய மீன்கள் இருந்தன. மேலே பீடபூமி ஓடைகளில் விரல் நீளத்துச் சின்ன மீன்களைத் தவிர அவர்களுக்குப் பிடித்த மாதிரி எதுவும் இல்லை.

இங்கிலாந்தின் குளிர்ந்த ஓடைகளில் இருக்கும் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்று யோசித்தவர் ஃப்ரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். பிற்பாடு 1875–78-ல் "இந்தியாவின் மீன்கள்" என்ற மிகப் பெரிய நூலை எழுதியவரும் இவரே. இந்திய மீன்களைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றைக்கும் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

1863-ல் அவர் செய்த முதல் முயற்சி தோற்றுப் போனது. ட்ரவுட் உயிரோடு வந்து சேரவில்லை. 1866-ல் மறுபடியும் முயன்றார். அப்போதும் ட்ரவுட் நிலைக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்தக் காலத்து மக்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு நிமிடம் லண்டன் போய் வருவோம்.

கண்ணாடிப் பெட்டி பிறந்த கதை

1829 வாக்கில் லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணிச் செடி தானாகவே முளைத்து வளர்வதைக் கவனித்தார். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே வந்தது. தண்ணீரே ஊற்ற வேண்டியிருக்கவில்லை. இதிலிருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி. செடிகளைக் கப்பலில் ஏற்றி உலகம் முழுக்கக் கொண்டுபோக இந்தப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார்கள்.

நீலகிரிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து கிடைக்கும் சின்கோனாச் செடிகள் தென் அமெரிக்காவிலிருந்து 1860–61-ல் ஊட்டிக்கு வந்தது இந்த வார்டியன் பெட்டிகளில்தான். அவற்றை வளர்த்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவர். முதலில் வந்த செடிகளில் பெரும்பாலானவை வழியில் பட்ட வெயிலில் நாசமாயின. அடுத்து வந்தவை பிழைத்து தொட்டபெட்டா சரிவுகளில் தோப்பாக வளர்ந்தன. நல்ல பெட்டி இருந்தால் மட்டும் போதாது, போகிற வழியில் சூடு ஏறாமலும் பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-ல் இதே யோசனையைத் தண்ணீருக்குள் செய்து பார்த்தார். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும், நாடா மாதிரி நீண்ட இலை கொண்ட வாலிஸ்நேரியாச் செடியையும் போட்டார். கொஞ்ச நாளில் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. உடனே சில நத்தைகளை விட்டார். நத்தைகள் அழுகிய இலையைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி தரும் பிராணவாயு மீனுக்கு, குப்பை நத்தைக்கு. இப்படி ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும் ஒரு குட்டி உலகம் உருவானது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சிக்கூடம் திறந்தார்கள். அடுத்த வருடமே ஃபிலிப் காஸ் எழுதிய புத்தகம் "அக்வேரியம்" என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

ஆகவே 1863-ல் டே முயற்சி செய்தபோது மீன் தொட்டி பற்றிய அறிவுக்கு வயது வெறும் 13! தொட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் பாதிதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

கடல் கடக்க வேண்டியது மீன் அல்ல, முட்டை

ட்ரவுட் குளிர்ந்த நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சௌகரியம். 20-ஐத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ நெருங்கினால் பிழைப்பது கஷ்டம். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் வழியோ வெப்பமண்டலக் கடல். சூயஸ் கால்வாயே 1869-ல்தான் திறந்தது. கரை இறங்கிய பிறகு சமவெளியைக் கடந்து மலை ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-ல். குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908. அதாவது டே முயன்ற காலத்தில் மலையேற்றம் முழுவதும் மாட்டு வண்டி, குதிரை, சுமைகூலி ஆட்கள்தான்.

மீனை அப்படியே கொண்டுவருவதைவிட முட்டையாகக் கொண்டுவருவது சுலபம் என்று அப்போதே தெரிந்திருந்தது. முட்டை சாப்பாடு கேட்காது, கொஞ்சமாகத்தான் மூச்சு விடும். ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். குளிர் கூடக் கூட முட்டை மெதுவாக வளரும். வானவில் ட்ரவுட் முட்டை 10 டிகிரியில் பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் தாமதமாகும். சூடு ஏறினால் வழியிலேயே பொரிந்து குஞ்சுகள் செத்துப்போகும், இல்லையென்றால் முட்டையே அழுகிவிடும்.

இதைச் சரியாகச் செய்து காட்டியது ஆஸ்திரேலியாப் பயணம். 1864 ஜனவரியில் "நார்ஃபோக்" என்ற கப்பல் லண்டனிலிருந்து சால்மன் முட்டைகளையும் சில ஆயிரம் பழுப்பு ட்ரவுட் முட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மரப்பெட்டிக்குள் ஈரமான பாசி மெத்தை, அதன் மேல் முட்டை, அதன் மேல் மறுபடி பாசி. பெட்டிகள் எல்லாம் பனிக்கட்டி அறைக்குள். ஏப்ரல் மத்தியில், ஏறத்தாழ 12 வாரம் கழித்து மெல்போர்ன் சேர்ந்தபோது ஒரு பகுதி முட்டைகள் உயிரோடு இருந்தன. அங்கிருந்து டாஸ்மேனியா போய்ப் பொரிந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய எதிர்பார்ப்போடு அனுப்பிய சால்மன் அங்கே நிலைக்கவில்லை. கூடவே போன ட்ரவுட்தான் நிலைத்தது.

கவனித்தீர்களா? முட்டைகளைத் தண்ணீரில் முக்கிக் கொண்டுபோகவில்லை. பாசியின் ஈரமும் காற்றும் குளிரும் சேர்ந்துதான் அவற்றைக் காப்பாற்றின. தேங்கிய தண்ணீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடும். பாசிக்குள் தீராது. இந்தக் கணக்கு வீட்டுத் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

இலங்கை வழியாக வந்த வெற்றி

இங்கே நீலகிரியில் ட்ரவுட் ஏமாற்றினாலும் வேறு சில ஐரோப்பிய மீன்கள் ஒட்டிக்கொண்டன. 1870களுக்குள் டென்ச், குருசியன் கெண்டை ஆகியவை ஊட்டி ஏரிக்கு வந்துவிட்டன. சேறு, கலங்கல், பிராணவாயு குறைந்த தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் மீன்கள் இவை. ஏரித் தண்ணீருக்கு ஒத்துவந்த மீன் பிழைத்தது, ஓடை மீன் பிழைக்கவில்லை. பதில் கண்ணெதிரே இருந்தும் ட்ரவுட் ஆசை யாரையும் விடவில்லை. 1877-ல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879-ல் நீலகிரி வேட்டை மிருகங்கள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

இதற்கிடையில் இலங்கையில் நுவரெலியா பக்கத்து மலை ஓடைகளில் 1882-ல் பழுப்பு ட்ரவுட்டும், 1889-ல் வானவில் ட்ரவுட்டும் விடப்பட்டன. வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. பழுப்பு ட்ரவுட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெப்பத்தைத் தாங்கும். தென்னிந்திய மலைகளைப் போலவே வெப்பமண்டலத்தில் உயரத்தில் இருக்கும் இலங்கை மலை ஓடைகளில் அது பழகிக்கொண்டது.

1906–07 காலத்தில் எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் நீலகிரியில் வேலையைத் தொடங்கினார். இலங்கையிலிருந்து வானவில் ட்ரவுட்டைத் தருவித்தார். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. அதே 1907-ல் மதராஸ் மாகாணத்துக்கு மீன்வளத்துக்கெனத் தனி அலுவலகமும் உருவானது. அதன் தலைவர் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாக அறியப்படும் ஃப்ரெடரிக் நிக்கல்சன். குன்னூர்வாசி! இரண்டு வருடம் கழித்து, 1909-ல், மதராஸ் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது மூடப்படும் வரை சென்னைக்கு வருகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடமாக இருந்தது.

வில்சன் ஜெயித்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை. மூன்று விஷயங்கள் மாறியிருந்தன. முதலாவது, இங்கிலாந்து ஓடைக்குப் பழகிய மீனுக்குப் பதில், இதே மாதிரித் தண்ணீருக்குப் பழகிய மீனைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது, கடல் பயணம் மாதக்கணக்கிலிருந்து நாள்கணக்காகக் குறைந்தது. மூன்றாவது, மீனை நேராக ஓடையில் கொட்டிவிட்டுப் போகாமல், ஓடும் தண்ணீர் உள்ள ஒரு பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சாக்கி, வளர்த்து, பிறகு விட்டார்கள்.

ட்ரவுட் பொரிப்பகம் எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து தட்டுகள் வழியாக நிற்காமல் ஓட விடுவார்கள். தட்டுகளில் முட்டைகள் ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும். வெயில் படக்கூடாது என்பதால் மூடி வைப்பார்கள். செத்த முட்டை வெள்ளையாக மாறும், அதன் மேல் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். அதனால் தினமும் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மருந்து, மந்திரம் எதுவும் இல்லை. குளிர்ந்த ஓடும் நீர், நிழல், தினசரிச் சுத்தம். அவ்வளவுதான்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி, முக்குறுத்தி பக்கத்து நீர்நிலைகளில் ட்ரவுட் இப்படித்தான் பரவியது.

தந்தை கண்டதும் மகன் கண்டதும்

முன்னால் "மீதிப் பாதி" என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருவோம். வாரிங்டன் தொட்டியில் மீனும் செடியும் நத்தையும் மட்டுமே வேலை செய்ததாக அவர் நினைத்தார். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அது எங்கே போனது? செடி கொஞ்சம் எடுத்துக்கொண்டது சரி. மீதி?

இதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் அவருடைய மகன்! அப்பாவின் பெயரேதான், ராபர்ட் வாரிங்டன். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணில் நடக்கும் மாற்றங்களை ஆராய்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது, ஒவ்வொரு படியையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தே காட்டினார்.

அப்பாவின் தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்த வேலைக்காரர்களை மகன் மண்ணில் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி :-)

ஓடையில் அம்மோனியாவைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பொரிப்பகத்திலும் அப்படியே. நம் கண்ணாடித் தொட்டியில் அது போக வழி இல்லை. பாக்டீரியாதான் கதி.

சரி, நம் தொட்டிக்கு வருவோம்

மலையில் மீன் வளர்ப்பவர்கள் சமவெளிக்காரர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே பின்பற்றினால் சரிவராது. அவலாஞ்சிக் கதையை வைத்துக்கொண்டு பார்த்தால் காரணம் புரியும்.

1. முதலில் வெப்பமானி, அப்புறம் மீன். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து வரும் கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் 24 முதல் 28 டிகிரித் தண்ணீருக்குப் பழகியவை. டிசம்பர் இரவில் ஊட்டி வீட்டுத் தொட்டி 15-க்கும் கீழே போகும். குளிர் தாக்கிய மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும். ஹீட்டர் வாங்க முடியாது என்றால் தங்கமீன், ரோசி பார்ப், ஒயிட் கிளவுடு மாதிரிக் குளிர் தாங்கும் மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வில்சன் செய்த தேர்வும் இதே மாதிரிதான்.

2. ஹீட்டர் போட்டால் ஏர் பம்ப்பும் கட்டாயம். இது பலருக்குத் தெரியாத விஷயம். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6 தான். "அப்ப குளிரான ஊட்டிக்குக் கவலையில்லை" என்று நினைத்தால் தப்பு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஊட்டியில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அதனால் ஊட்டியில் 20 டிகிரித் தண்ணீர் பிடித்து வைப்பது சுமார் 7 மில்லிகிராம். அதாவது சென்னையின் 30 டிகிரித் தண்ணீரைவிடக் குறைவு! ஹீட்டர் போட்டு 26-க்கு ஏற்றினால் சுமார் 6-க்கு இறங்கிவிடும். எனவே குமிழி விடும் கல்லோ, தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கும் ஃபில்டரோ அவசியம். அதோடு மீன்களின் எண்ணிக்கையையும் சமவெளியைவிடக் குறைத்து வையுங்கள்.

3. பாக்டீரியாவுக்கு நேரம் கொடுங்கள். புதுத் தொட்டியில் இந்த வேலைக்காரர்கள் பெருகச் சமவெளியில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை ஓரிரண்டு உறுதியான மீன்கள் போதும், உணவும் கொஞ்சமாகப் போடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

4. தண்ணீர் மாற்றும்போது சூட்டைச் சமன் செய்யுங்கள். வாரத்துக்குக் கால் பங்கு மாற்றினால் போதும். குளிர்காலத்தில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றினால் மீனுக்கு அது அதிர்ச்சி. வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். குளோரின் போக ஒருநாளாவது வாளியில் திறந்து வையுங்கள். குளிரில் வாயு மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இரண்டு நாள் வைத்தால் இன்னும் நல்லது. பையில் வந்த புது மீனை, பையோடு அரைமணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு விடுங்கள்.

5. மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், தலைமுடிக்கும் நல்லது. ஆனால் தாது உப்பு குறைவான தண்ணீரில் அமிலத்தன்மை சட்டென்று ஏறி இறங்கும். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டையோ பவளத் துண்டையோ போட்டு வைத்தால் அது மெதுவாகக் கரைந்து பி.எச். அளவை நிலையாக வைக்கும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். தோட்டத்தில் அடிக்கும் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் மழையோடு ஓடைக்குத்தான் வரும்.

6. செடிகளுக்கு வெளிச்சமும் பொறுமையும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வாரக்கணக்கில் வெயிலே இருக்காது. எல்.இ.டி. விளக்கை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போடுங்கள். வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகியவை அதிகம் கேட்காத செடிகள். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். புதைத்தால் கிழங்கு அழுகும். இரவில் செடியும் பிராணவாயுவைத்தான் இழுக்கும் என்பதை மறக்க வேண்டாம். செடி நிறைய இருக்கிறது என்று ராத்திரி ஏர் பம்ப்பை நிறுத்திவிடக் கூடாது.

7. வெள்ளை முட்டை விதி. அழுகிய இலை, மீந்த உணவு, செத்த நத்தை, எது கண்ணில் பட்டாலும் அன்றே எடுத்துவிடுங்கள். பொரிப்பகத்தில் ஒரு செத்த முட்டை பக்கத்து முட்டைகளைக் கெடுத்த மாதிரிதான் இதுவும். குளிர்ந்த நாட்களில் மீனுக்குப் பசி குறையும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள்.

8. கரண்ட் போனால்? தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டி வைத்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்பளியால் சுற்றலாம், மேலே மட்டும் காற்றுக்கு இடம் விடுங்கள். பாட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

வெற்றிக்கு இன்னொரு பக்கம்

இதுவரை சொன்னதைப் படித்தால் ட்ரவுட் கதை ஒரு சாதனைக் கதை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்ற அதே ஃப்ரான்சிஸ் டே, 1867-ல் நீலகிரி மலை மீன்களையும் மலையடிவார ஆறுகளின் மீன்களையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில்தான் நீலகிரியின் பெயரையே தாங்கிய டெவேரியோ நீல்கெரியென்சிஸ் என்ற சின்ன மீனை அவர் உலகுக்கு அறிமுகம் செய்தார். நீலகிரிக்கே உரிய மீன் அது. தூண்டில்காரர்கள் "இங்கே மீனே இல்லை" என்று குறைப்பட்ட தண்ணீரில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருந்தன! பெரிய மீன் இல்லை என்பதை மீனே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

1939-ல் இலங்கையிலிருந்து இன்னொரு விருந்தாளி ஊட்டி ஏரிக்கு வந்தது, கண்ணாடிக் கெண்டை. உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் பளபளப்பதால் இந்தப் பெயர். இங்கே நன்றாகப் பெருகி, இங்கிருந்து இந்தியாவின் மற்ற குளிர்ப் பகுதிகளுக்கும் போனது. சாதாக் கெண்டை குடியேறிய காஷ்மீர் ஏரிகளில் உள்ளூர்ப் பனிமீன்கள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடியில் உள்ள சேற்றைக் கிளறிக் கிளறித் தின்னும் மீன் அது. தண்ணீர் கலங்கும், செடிகள் பிடுங்கப்படும். உள்ளூர் மீனின் முட்டைக்கும் குஞ்சுக்கும் இடம் இருக்காது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு "உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் வானவில் ட்ரவுட் இருக்கிறது. சாதாக் கெண்டை இருக்கிறது. அழகான ஊதாப் பூவுக்காகக் குளத்தில் விடப்பட்டு ஊட்டி ஏரி வரை பரவிய ஆகாயத்தாமரையும் இருக்கிறது. கோடப்பமந்து கால்வாய் வழியாக வரும் ஊரின் கழிவு நீர் ஆகாயத்தாமரைக்கு உரம். நைட்ரேட் ஏறிய நம் தொட்டியில் பச்சைப் பாசி பிடிக்கிற அதே கதை, ஏரி அளவில்.

இந்த இடத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. தொட்டியில் மீன் பெரிதாகிவிட்டது, பரீட்சை வருகிறது, வீடு மாற்றுகிறோம், என்ன காரணமாக இருந்தாலும் மீனை ஓடையில் விடாதீர்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று விடும் அந்த மீன் பிழைத்தால்தான் பிரச்சனையே. வெட்டிய செடியையும் சாக்கடையில் போடாமல் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், நண்பருக்குத் தரலாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தப்பு நடக்கிறது. டே 1865-ல் விவரித்த இன்னொரு மீன், அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசன் பெயரைத் தாங்கியது. கடைகளில் "மிஸ் கேரளா" என்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு மேலே சிவப்புக் கோடு ஓடும் அழகான மேற்குத் தொடர்ச்சி மலை மீன். உலகம் முழுக்க மீன் தொட்டிக்காரர்கள் ஆசைப்பட்டதால் ஓடைகளிலிருந்து வாரி வாரி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மலை ஓடையில் வலை போட்டுப் பிடித்த மீன் என்று தெரிந்தால் வாங்காதீர்கள், பண்ணையில் பொரித்த மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

1823-ல் ஏரி வெட்டியதிலிருந்து இன்று வரை நீலகிரித் தண்ணீரில் நடந்ததைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். 1863-ல் மீனை மட்டும் யோசித்தார்கள், மீன் செத்தது. 1907-ல் மீனுக்கு ஏற்ற தண்ணீரை யோசித்தார்கள், மீன் பிழைத்தது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே யார் குடியிருந்தார்கள் என்று மட்டும் அப்போதும் யாரும் கேட்கவில்லை. மீன் வாங்கப் போகும் நமக்கு மூன்று கேள்விகளையும் கேட்கும் வசதி இருக்கிறது. முதல் இரண்டு கேள்வி தொட்டிக்குள் இருக்கும் மீனுக்காக, மூன்றாவது வெளியே ஓடையில் இருக்கும் மீனுக்காக.